தலைமடைக்குப் போன தண்ணீர்

எங்கள் ஊர் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சங்கம் நிறைவேற்றிய முதல் தீர்மானம், சங்கத்துக்கென்று ஓர் ஆழ்குழாய்க் கிணறு போடுவது.

இது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். வரிசையிலும் சிக்கல் இருக்கிறது. சங்கம் தொடங்கிய நாள் பற்றி ஊரில் மூன்று கருத்துகள் உண்டு. தலைவரைக் கேட்டால் ஆடிப்பெருக்கு என்பார். அன்றுதான் குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தது. என் நடவடிக்கைக் குறிப்புப்படி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் கொட்டகைச் சுவரில் பதித்திருக்கும் கல்லில் மூன்றாவதாக ஒரு தேதி இருக்கிறது. அன்று ஓர் அதிகாரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. கல்லை முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள், அதிகாரி வரவில்லை. ஆக, எங்கள் ஊரில் கல்லில் பொறித்த ஒரே தேதியில் எதுவுமே நடக்கவில்லை. அதன் பிறகு சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் பன்னிரண்டாம் தேதி திறப்பது வழக்கம். அந்த ஆண்டு ஜூன் பன்னிரண்டு சரியாக வந்தது. தண்ணீர் வரவில்லை. ஆனாலும் குறுவை நெல் நட்டார்கள். பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசமாகியிருந்தது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஊர் திரும்பும்போது ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கம்பளி, நாலு கோடாலித் தைலம் கொண்டுவருவார்கள். வந்த மாதமே வயலில் ஒரு போர் போடுவார்கள். அண்ணன் போட்டால் தம்பி அதைவிட இருபது அடி ஆழமாகப் போடுவான். ஆறு வறண்டு கிடக்க, வயலெல்லாம் பச்சை. பத்திரிகைகளில் காவிரித் தாவா பற்றிய செய்திகளை ஆவேசமாக வாசித்துவிட்டு, எழுந்து போய் மோட்டாரைப் போட்டோம்.

எங்கள் பிரிவு வாய்க்காலின் கடைசி வயல் ஓர் அக்காவுடையது. ஒரு ஏக்கர். அவர் கணவர் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவிடம் இருந்தது ஃபில்டர் பாயிண்ட்: ஆழம் குறைந்த குழாய், மேலே ஓர் ஆயில் எஞ்சின். ஒரே இளநீரில் பத்துப் பேர் நீளக் குழல் வைத்து உறிஞ்சினால் குட்டைக் குழல்காரருக்குக் காற்றுதான் கிடைக்கும். ஆடி பிறந்ததும் அக்காவின் எஞ்சின் காற்றை இழுக்க ஆரம்பித்தது. பள்ளம் வெட்டி எஞ்சினை இறக்கி வைத்தார். கொஞ்ச நாள் தண்ணீர் ஏறியது. பிறகு மறுபடியும் இருமல்.

அந்தக் குறுவையில் அவருக்கு என்ன பணயம் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் மோட்டார் கடைக்குள்ளேயே இருந்தது. கண்ணாடிக் கூண்டின் கதவு சாத்தாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, சென்னையில் இருக்கும் தம்பிக்குப் பேசலாம் என்று நான் போனபோது அக்கா உள்ளே கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற ஆறு பேரும் மோட்டார் விலைப்பட்டியலைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

"பயிர் பச்சையாத்தான் இருக்கு... என்னது? நிலத்தைக் குடுத்துறவா? அவருக்கா?... நீங்க அங்க உக்காந்துக்கிட்டு அவசரப்படாதீங்க. இந்தப் போகம் வரட்டும். வரலேன்னா நீங்க சொல்றபடி கேக்குறேன். கையெழுத்துப் போடுறேன். போதுமா?"

அவர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். "எல்லாருக்கும் கேட்டுச்சா, இல்லே இன்னொரு தடவை போட்டுப் பேசவா?"

'அவர்' யார் என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர்; ஊரிலேயே ஆழமான போர் அவருடையது. அக்காவின் வயலை ஒட்டிய வயல்களை ஒவ்வொன்றாக வாங்கிவிட்டார். சாலையோரம் மொத்தமாகத் தேக்கு வைக்கப்போவதாகப் பேச்சு. குறுக்கே நின்றது அந்த ஒரு ஏக்கர்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க்கூட்டம். அக்கா எழுந்து நின்று தன் எஞ்சின் காற்று இழுப்பதைச் சொன்னார். அதைக் கேட்டு ஊர் வருந்தியது. வருத்தம் முடிந்ததும், இதற்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று முடிவாயிற்று.

தலைவராகச் சிங்கப்பூர்க்காரரை முன்மொழிந்தார்கள். "நம்மள்லயே அதிக ஆழம் பாத்தவர் அவர்தானே" என்றார் ஒருவர். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. பொருளாளர், மோட்டார் கடைக்காரர். நீரைச் சேமிக்கும் சங்கத்துக்கு நீர்மூழ்கி மோட்டார் விற்பவர் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ரசீதுப் புத்தகம் அச்சடித்துத் தருவதாக அவர்தான் சொன்னார். பின்னட்டையில் கடை விளம்பரத்தோடு. செயலாளர் பதவிக்குத்தான் சண்டை. தேர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதில் தொடங்கிய பகை ஒன்று ஊரில் இருக்கிறது. ஒரு பக்கத்து ஆளைப் போட்டால் மறுபக்கம் எழுந்து போய்விடும். கடைசியில் எல்லோரும் பள்ளிக்கூட வாத்தியாரான என்னைப் பார்த்தார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். பரிவட்ட வரிசையில் எங்களுக்கு இடமே கிடையாது. "சாருக்கு முன்னும் இல்லே, பின்னும் இல்லே. அவரே எழுதட்டும்." எழுத்து நன்றாயிருக்கிறது என்பதை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

உடனே பொருளாளர் பேசினார். "தண்ணி மட்டம் எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படிங்க காப்பாத்துறது? முதல்ல அளக்கணும்."

"அளக்கறதுக்கு இருக்கிற போர் போதாதா?" என்று கேட்டேன்.

"அதுல எல்லாம் மோட்டார் இறங்கியிருக்கு சார். வெளிய எடுத்தா யாரு பொறுப்பு? அளக்கறதுக்குன்னே ஒண்ணு சுத்தமா வேணும்."

தண்ணீர் எங்கே குறைகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும் என்பது தலைவரின் கருத்து. அக்காவின் வரப்பை ஒட்டி ஒரு துண்டுப் புறம்போக்கு இருந்தது. அக்காவும் சம்மதித்தார். அளந்து பார்த்தாலாவது நம்புவார்களே என்பது அவர் எண்ணம்.

ஆடிப்பெருக்கு அன்று போர் வண்டி வந்தது. ஆற்றில் மணல்தான் இருந்தது என்பதால், காதோலை கருகமணியோடும் கலந்த சாதத்தோடும் புறப்பட்ட பெண்கள் நேராகப் போர் போடும் இடத்துக்கே வந்துவிட்டார்கள். குழாயிலிருந்து பீறிட்ட சாம்பல் நிறச் சேற்றுக்கு மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டார்கள். புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று விசாரித்தோம். தலைவரின் போரைவிட ஆழமாகப் போனபோது கூட்டம் கைதட்டியது. தலைவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு தான் தலைவர் என்பது நினைவுக்கு வந்து அவரும் தட்டினார்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி மட்டம் அளந்தோம். நான் குறித்துக்கொண்டேன். அதுதான் சங்கத்தின் முதல் அளவு. கடைசி அளவும் அதுதான்.

ஏனென்றால், அளந்து முடித்ததும் பொருளாளர் சொன்னார், "மட்டம் தெரிஞ்சா பத்துமா? ஊத்து தெரிய வேணாமா? இழுத்துப் பாத்தாத்தானே தெரியும்." ஒருநாள் சோதனைக்காகத் தன் கடையிலிருந்து ஒரு மோட்டாரை இலவசமாக இறக்கினார். தண்ணீர் தொடையளவு தடிமனில் வந்து விழுந்தது. அதைப் பார்த்தபின் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மோட்டார் உள்ளே இருப்பதால் கயிறு இறங்கவில்லை. அளவெடுப்பு நின்றது. மோட்டாருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு தேதி. நீர்ப் பாதுகாப்புச் சங்கம் என்பதால் மின் இணைப்பும் தடையில்லாமல் கிடைத்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் பேசியது, இந்தத் தண்ணீரை யார் பாய்ச்சுவது என்பதைப் பற்றி. அக்கா முதலில் எழுந்தார்.

"மோட்டார் என் வரப்போரத்துல இருக்கு. மடையை வெட்டுனா அப்படியே விழும். முதல் முறையை எனக்கு விடுங்க."

"அதெப்படி தங்கச்சி?" என்றார் தலைவர். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "முறைன்னா தலைமடையிலேருந்துதானே வரணும். நீ கடைமடையாச்சே."

வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் இடத்து வயல்கள் தலைமடை. கடைசியில் கிடப்பவை கடைமடை. ஆற்றுத் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுவோம். முறை எப்போதும் தலைமடையில் தொடங்கும். சொத்துப் பத்திரம்போல அது எல்லோர் மனத்திலும் இருக்கிறது.

"ஆத்துத் தண்ணிக்கு நான் கடைமடைண்ணே. இது கிடுகிடு ஆழத்துலேருந்து வருது. பூமிக்கு அடியில தலை எது, கால் எது?"

இது ஒரு முக்கால் மணி நேர விவாதத்தைக் கிளப்பியது. பூமிக்கடித் தண்ணீரும் காவிரியிலிருந்து ஊறுவதுதான், ஆகையால் காவிரிப் பக்கமே அடியிலும் தலைமடை என்று ஒருவர் வாதாடினார். இன்னொருவர், இன்றைக்கு இதை மாற்றினால் நாளைக்கு ஆற்றில் தண்ணீர் வரும்போதும் கடைமடைக்காரர்கள் முதல் முறை கேட்பார்கள் என்று எச்சரித்தார். இந்த எச்சரிக்கை எடுபட்டது. பரிவட்டத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பக்கமும், பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, சேர்ந்து கை தூக்கின. அந்த வகையில் சங்கம் ஒற்றுமையை வளர்த்தது என்பதை மறுக்க மாட்டேன்.

தீர்மானம் இதுதான்: கடைமடையில் எடுக்கும் தண்ணீரைக் குழாய் வழியாகத் தலைமடைக்குக் கொண்டுபோய், அங்கே மதகடியில் விட்டு, பிறகு வாய்க்கால் வழியே முறைப்படி ஒவ்வொரு வயலாகப் பாய்ச்சிக்கொண்டு கடைமடைக்கு வருவது. குழாய் பொருளாளரின் கடையில் இருந்தது.

குழாயைப் பதித்தோம். அக்காவின் வரப்படியில் கிளம்பிய தண்ணீர், அவர் பயிரை உரசிக்கொண்டு, கறுப்புக் குழாய்க்குள் தலைமடையை நோக்கிப் பயணம் போனது. அங்கே இறங்கி வாய்க்காலில் திரும்பியது. வெடித்துக் கிடந்த வாய்க்கால் முதலில் தன் பங்கைக் குடித்தது. பிறகு தலைவரின் தலைமடை வயல், பொருளாளரின் மாமனார் வயல், பரிவட்டக்காரர்கள். பாதி வழிக்கு மேல் தண்ணீர் வரவே இல்லை, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நிலத்தடி நீரை எடுத்து நிலத்தடிக்கே திருப்பி அனுப்பிய சங்கம் இந்த ஜில்லாவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆவணி பாதியில் அக்காவின் பயிர் கதிர் வாங்கியது. பால் பிடிக்கும் நேரம். பக்கத்திலேயே சங்க மோட்டார் உறிஞ்சியதில் அவர் எஞ்சினுக்கு ஒரு சொட்டும் ஏறவில்லை. குடம் குடமாக ஊற்றிக் குழாயை நிரப்பி எஞ்சினைச் சுற்றுவார். ஊற்றிய தண்ணீரையே கக்கிவிட்டு நிற்கும். வயல் மெல்ல மெல்ல வெடிக்கத் தொடங்கியது. தலைவரிடம் போய்ச் சொன்னார்.

"ராத்திரிக்கு மட்டுமாவது நிறுத்துங்கண்ணே."

"நான் எங்கே தங்கச்சி போடுறேன்? ஆட்டோ சுவிட்ச் வெச்சிருக்கு. கரண்டு வந்தா அதுவா ஓடும், போனா அதுவா நிக்கும்."

பொருளாளரிடம் போனார். அவரும் அதையேதான் சொன்னார். என்னிடம் வந்தார். எழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன்.

"எழுதுங்க, எழுதுங்க. கதிர் காயுறதுக்குள்ள மை காயட்டும்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கவலையோடு ஆரம்பித்தார். முந்தின நாளிலிருந்து சங்க மோட்டார் ஓடவில்லை. கரண்டுக் கோளாறா, மோட்டார்க் கோளாறா?

"மோட்டார்ல கோளாறே வராது" என்றார் பொருளாளர். "காரண்டி இருக்கு. லைன்லதான் ஏதோ."

"லைன்மேனைக் கூப்பிட்டுப் பாத்தியா?"

"லைன்ல கரண்டு இருக்குன்னு சொல்றான்."

"அப்ப மோட்டார்தான்."

"அண்ணே, வார்த்தையை அளந்து பேசுங்க. ஏழு கிராமத்துக்கு மோட்டார் குடுத்தவன் நான்."

அக்கா பின்வரிசையில் மடியில் ஒரு மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, பைக்குள் கையை விட்டு, மூன்று வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக என் மேசைமேல் வைத்தார். கடைத்தெருவில் முட்டை எண்ணி வைப்பதுபோல் இருந்தது.

"இதுவான்னு பாருங்க."

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

"யாரைக் கேட்டும்மா புடுங்குனே?" என்றார் பொருளாளர்.

"யாரைக் கேட்டு ஓட்டுனீங்க?"

"யாரும் ஓட்டலை. எத்தனை தடவை சொல்றது? ஆட்டோ சுவிட்ச். அதுவா ஓடுது."

"சரிதான். நானும் புடுங்கலை. அதுவா கழண்டு என் பையில வந்து விழுந்துச்சு."

பின்வரிசை சிரித்தது. முன்வரிசையிலும் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா கட்டைகளை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் எஞ்சின்ல தண்ணி ஏறட்டும். கதிர் முத்தி அறுக்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து வாங்கிக்குங்க. காப்பி போட்டுத் தரேன்."

அவர் போனபின் சங்கம் ஒரு மணி நேரம் கொதித்தது. புது ஃபியூஸ் கட்டை மோட்டார் கடையிலேயே அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. பொருளாளரே மூன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். யார் போய் மாட்டுவது என்ற கேள்விதான் நின்றது. கொட்டகை அக்காவின் வரப்பில் இருக்கிறது. வெடித்த வயலைத் தாண்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, கையால் மாட்ட வேண்டும். அதுவரை மோட்டாரைப் போட்டவர் என்று ஊரில் ஒருவருமில்லை. இனிமேல் ஒருவர் வேண்டும்.

"பொருளாளர் போகட்டும். அவருக்குத்தானே வேலை தெரியும்."

"நான் கடைக்காரன். ஊர்ப் பொல்லாப்பு எனக்கெதுக்கு? தலைவர் சொன்னா தலைவரே போகட்டும்."

தலைவர் தனக்கு முழங்கால் வலி என்றார். சிங்கப்பூரில் பிடித்ததாம். பிறகு எல்லோரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். விதிகளின்படி செயலாளர் எழுதத்தான் வேண்டும், மாட்ட வேண்டியதில்லை என்றேன். மூன்று கட்டைகளும் சாயங்காலம் அட்டைப்பெட்டிக்குத் திரும்பிப் போயின.

அக்காவுக்கு உடனே ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மறுநாளும் எஞ்சின் காற்றைத்தான் இழுத்தது. அதற்கடுத்த நாளும். சாலையோரத்து மேட்டுப்பக்கம் கதிர்கள் வெளுக்கத் தொடங்கின. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். அக்கா எஞ்சினைச் சுற்றுவார், நிற்கும், சுற்றுவார், நிற்கும். தலைவர் தன் வரப்பில் குடையோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு வர வேண்டும், மற்றவருக்கு வரக்கூடாது.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் மாறியது. வெறும் படபடப்பு போய், சுமை ஏறியதுபோல் கனத்துக் கேட்டது. ஈரத் துண்டோடு கொல்லை வேலியருகே போய்ப் பார்த்தேன். கடைசி வயலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மெலிந்த தாரைதான். அக்கா வாய்க்கு வந்தபடி அந்த எஞ்சினைத் திட்டிக்கொண்டே மண்வெட்டியோடு ஓடினார்.

மேட்டுப்பக்கம் பதராகப் போனது. மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. அறுப்பு முடிந்த ஞாயிறு எஸ்.டி.டி. பூத்தில் அதே ஆறு பேர், அதே விலைப்பட்டியல். அன்று தலைவரும் ஏதோ வாஷர் வாங்க வந்திருந்தார். அக்கா கூண்டுக் கதவைச் சாத்த முயலவே இல்லை.

"வந்துருச்சு... ஆமாம், வீட்டுலதான் கிடக்கு. கையெழுத்தா? எந்தக் கையெழுத்து? நிலம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீங்க பொங்கலுக்கு வர்ற வழியைப் பாருங்க."

தலைவர் வாஷர் வாங்காமலே போய்விட்டார்.

சங்கத்தின் ஆண்டறிக்கையை நான்தான் எழுதினேன். "சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் கடைமடைப் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துள்ளது" என்ற வரியைத் தலைவர் சேர்க்கச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், சங்கத்தில் அக்காவும் உறுப்பினர். வரி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுப்பு முடிந்ததும் ஃபியூஸ் கட்டைகளைத் திருப்பித் தருவதாகத்தானே பேச்சு என்று கேட்கலாம். எடுத்து நீட்டவும் செய்தார். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்கும் சங்கம் நினைவில்லை. கட்டைகளை வாங்கப் போனவர் காப்பி மட்டும் குடித்துவிட்டு, "உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவை அக்கா வீட்டு அடுப்பங்கரையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் தங்கிவிட்டன. தலைமடைக்குப் போன குழாயையும் அந்த மார்கழியில் பிடுங்கிப் பந்தல் போட எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மேட்டூர் திறக்கத் தாமதமான ஆண்டுகளிலெல்லாம் ஒரு காரியம் நடந்து வருகிறது. தலைவர் குடையோடு முன்னே வருவார். பின்னால் பத்திருபது பேர். அக்கா வீட்டு வாசலில் நின்று, "தங்கச்சி, கட்டை வேணும்" என்பார். அக்கா வயலுக்கு நடப்பார். எல்லோரும் பின்தொடர்வோம். அவர் எஞ்சினைச் சுற்றுவார். குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு ஊரே நிற்கும். தண்ணீர் விழுந்தால் மட்டம் போதும் என்று அர்த்தம்; வீட்டுக்குப் போய்க் கட்டைகளை எடுத்து வந்து தலைவர் கையில் கொடுப்பார்; அவரே தன் கையால் மாட்ட வேண்டும். காற்று வந்தால் காப்பியோடு திரும்ப வேண்டியதுதான்.

இதற்குச் சங்க விதிகளில் இடமில்லை. ஆனால் பொதுக்குழு என்ற பெயரில் எங்கள் ஊரில் ஆள் குறையாமல் நடப்பது இது ஒன்றுதான். நான் தேதியை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.